தொடரும் கருவியும்: வீட்டில் கணினி தொடுத்தலும் மின்வழங்கி தேர்தலும்



மொழியியல் கற்ற ஒருவன் கணினியின் மின்வழங்கியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பணி ஓய்வு பெற்ற பின்னர், பலதொழில் கல்லூரியில் பயிலும் என் பெயரனுடன் அமர்ந்து வீட்டிலேயே ஒரு கணினியைத் தொடுத்தேன். உறுப்புகளைத் தேர்ந்தெடுத்த நாள்களில், நான் பல்லாண்டு வகுப்பறையில் கற்பித்த சில இலக்கணக் கருத்துகள் மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தன. பணி முடியும் தறுவாயில், ஒரே ஒரு வடத்தைத் தவறாகச் செருகியதால் ஈடுசெய்ய இயலாத ஓர் இழப்பும் நேர்ந்தது. அந்த இழப்பைப் பின்னர்க் கூறுவேன். அது ஏன் நேர்ந்தது என்பது விளங்க வேண்டுமாயின், முதலில் கருவியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

1. மூன்று நிபந்தனைகள்

சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பொருள் தருவதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும் என நம் இலக்கண மரபு கூறும். அவை அவாய்நிலை, தகுதி, அண்மைநிலை என்பன. ‘கொடுத்தான்’ என்று ஒருவர் சொன்னால், யார், எதை, யாருக்கு என்னும் வினாக்கள் உடனே எழுகின்றன. அச்சொல் பிற சொற்களை அவாவி நிற்பதே அவாய்நிலை. ‘கல்லைக் குடித்தான்’ என்பதில் செயப்படுபொருளும் பயனிலையும் முறையாக அமைந்திருப்பினும், கல்லுக்குக் குடிக்கப்படும் தகுதி இல்லை. ஒரு சொல்லைக் காலையிலும் மறுசொல்லை மாலையிலும் சொன்னால் அவை தொடராகா. அதனால் அண்மைநிலையும் வேண்டும்.

கணினியின் உறுப்புகளும் இவ்வாறே சேர்கின்றன. செயலி தனக்குரிய தாய்ப்பலகையை அவாவி நிற்கும். தாய்ப்பலகை நினைவகத்தை அவாவி நிற்கும். எல்லாம் மின்வழங்கியை அவாவி நிற்கும். ஒன்றுக்கொன்று பொருந்தும் தகுதி அவற்றுக்கு இருத்தல் வேண்டும். அனைத்தும் ஒரே பெட்டிக்குள் நெருக்கமாகவும், வெப்பம் வெளியேற இடம் விட்டும் அமைதல் வேண்டும். இவ்வொப்புமையை மிகவும் நீட்டிக்க நான் விரும்பவில்லை. ஆயினும் உறுப்புகளின் பட்டியலைக் கண்டு மலைத்து நிற்கும் மாணவர்க்கு, எதை எந்த வரிசையில் வினவ வேண்டும் என்பதை இம்மூன்றும் கற்பிக்கும்.

2. முதற்கண் பயன்

சிம் லிம் ஸ்குவேர் போன்ற கட்டடங்களிலும், கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவிலும் மாடி மாடியாக ஏறி இறங்குவோர் பலர் முதலில் விலையைக் கேட்கின்றனர். பயனைக் கூறிய பின்னரே விலையைக் கேட்க வேண்டும். கட்டுரை எழுதுதல், பாடக்குறிப்பு ஆக்குதல், ஒலிப்பதிவுகளைச் செவிமடுத்து எழுத்துப்படுத்துதல் ஆகிய பணிகளுக்குத் தனி வரைகலை அட்டை வேண்டியதில்லை. இக்காலச் செயலிகள் பலவற்றில் திரைக்குரிய வரைகலைப் பகுதி உள்ளேயே அமைந்துள்ளது. காணொளித் தொகுப்பும் முப்பரிமாண விளையாட்டும் வேண்டுவோர்க்கே தனி அட்டை தேவை. அந்த ஒரு முடிவு மின்வழங்கியின் அளவையும், பெட்டியின் அளவையும், செலவையும் மாற்றிவிடும்.

நாங்கள் தேர்ந்தது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7600 செயலி. என் பணிக்கு அதுவே போதும். பெயரனின் விருப்பத்திற்காக என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4060 வரைகலை அட்டையையும் சேர்த்தோம். இனி வரும் கணக்குகள் யாவும் இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டவை.

3. தகுதி பார்த்தல்

மேற்கண்ட செயலி ஏ.எம்.5 எனப்படும் பொருத்துவாயில் அமர்வது. அப்பொருத்துவாய் உடைய தாய்ப்பலகையைத் தவிர வேறொன்றில் அதனைப் பொருத்த இயலாது. ஏ.எம்.5 பலகைகள் டிடிஆர்5 வகை நினைவகத்தை மட்டுமே ஏற்கும். டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரண்டுக்கும் 288 தொடுமுனைகள் உள்ளன. நீளமும் ஏறத்தாழ ஒன்றே. பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு தெரியாது. ஆனால் விளிம்பில் வெட்டப்பட்டுள்ள பள்ளம் சற்றே இடம் மாறி அமைந்திருப்பதால், ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்று நுழையாது. தவறு நேராதவாறு வடிவமே தடுத்துவிடுகிறது. இந்தப் பள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

தாய்ப்பலகையின் அளவு அடுத்தது. ஏ.டி.எக்ஸ். வகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பக்கத்துக்கு 244 வரையும், மினி ஐ.டி.எக்ஸ். பக்கத்துக்கு 170 மில்லிமீட்டரும் கொண்டவை. பெட்டியின் விவரத்தாளில் எவ்வகைப் பலகை அடங்கும், வரைகலை அட்டை எவ்வளவு நீளம் இருக்கலாம், செயலியின் குளிர்விப்பான் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பன மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். அளவுகோலும் தாளும் எடுத்து ஒப்பிடுவது பத்து நிமிட வேலை. அதனைச் செய்யாதோர் கடைக்கு இருமுறை நடக்கின்றனர்.

4. மின்வழங்கி செய்யும் பணி

மின்வழங்கியைத் தேர்வதில்தான் பலரும் அலட்சியம் காட்டுகின்றனர். செயலிக்கும் அட்டைக்கும் செலவிட்ட பின் எஞ்சிய பணத்தில் வாங்கப்படும் பொருளாக அது ஆகிவிடுகிறது. அது பழுதுபட்டால் தான் மட்டும் கெடுவதில்லை. தன்னோடு இணைந்த பிற உறுப்புகளையும் கெடுக்கக்கூடிய உறுப்பு அது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சுவர்ப் பொருத்துவாயில் கிடைப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். கணினியின் உறுப்புகளுக்கு வேண்டுவது 12, 5, 3.3 வோல்ட் அளவிலான நேர்த்திசை மின்சாரம். மின்வழங்கி முதலில் 230 வோல்ட்டைத் திருத்தி நேர்த்திசையாக்குகிறது. அப்போது உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் தேங்குகிறது. பின்னர் அதனை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்துச் சிறிய மின்மாற்றி ஒன்றின் வழியே செலுத்துகிறது. இவ்வளவு விரைவாகத் துண்டிப்பதால்தான் மின்மாற்றி உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சிறிதாக இருக்க முடிகிறது. இறுதியில் மீண்டும் திருத்தி, மின்தேக்கிகளால் அலைவை அடக்கி, வெளியே தருகிறது. வெளிவரும் 12 வோல்ட் 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது, அதாவது 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் நிற்றல் வேண்டும்.

மின்வழங்கியின் உறையை ஒருபோதும் திறத்தல் கூடாது. சுவரிலிருந்து பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும். மாணவர்களுக்கு இதனைத் தெளிவாகச் சொல்லுங்கள். பழைய மின்வழங்கிகள் சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 என இரு நிலைகள் கொண்ட சிறு மாற்றுவிசை ஒன்று இருக்கும். அது நம் நாடுகளில் 230இல் இருத்தல் வேண்டும். 115இல் வைத்து முடுக்கினால் கருவி அந்தக் கணமே கெடும்.

இன்னொரு நுட்பத்தையும் கூற விரும்புகிறேன். விசையை அழுத்தியவுடன் செயலி இயங்கத் தொடங்குவதில்லை. வெளிவரும் அழுத்தங்கள் யாவும் நிலைபெற்ற பின்னர், ‘மின்சாரம் சீராக உள்ளது’ என்று மின்வழங்கி ஒரு சைகையைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. நொடியின் பத்திலொரு பங்கு முதல் அரை நொடி வரை கழிந்து அச்சைகை வருகிறது. அது வரும்வரை செயலி காத்திருக்கும்.

5. ‘பவர்’ என்னும் ஒரு சொல்லும் மூன்று பொருளும்

நம் பேச்சில் ‘பவர் போதவில்லை’, ‘கரண்ட் அதிகம்’ என்கிறோம். அழுத்தம், ஓட்டம், திறன் என்னும் மூன்றும் இவ்விரு சொற்களுக்குள் கலந்து கிடக்கின்றன. பேச்சு வழக்கிற்கு அது போதும். மின்வழங்கி வாங்குவதற்குப் போதாது.

மின்னழுத்தம் வோல்ட்டில் அளக்கப்படுவது. அது உறுப்புக்கு ஏற்ப மிகச் சரியாக இருத்தல் வேண்டும், கூடினாலும் கெடும். மின்னோட்டம் ஆம்பியரில் அளக்கப்படுவது. அதனை உறுப்பு தன் தேவைக்கேற்ப இழுத்துக்கொள்ளும். மின்திறன் வாட்டில் அளக்கப்படுவது. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது. ஆகவே 750 வாட் மின்வழங்கியைச் சிறிய கணினியில் பொருத்தினால் கணினி எரிந்துவிடுமோ என்னும் அச்சம் வீண். 750 என்பது அது தரக்கூடிய உச்ச அளவு. கணினி 150 வாட் கேட்டால் 150 வாட்டையே அது தரும். அழுத்தம் மாறினால்தான் ஆபத்து. ‘பவர்’ என்னும் ஒற்றைச் சொல்லால் இவ்விரண்டையும் கூறும்போது, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமலும் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சியும் விடுகிறோம்.

இப்போது கணக்கிடுவோம். ரைசன் 5 7600 செயலிக்கு 65 வாட் என்று குறிக்கப்பட்டுள்ளது. அது வெப்பம் தணிப்பதற்கான வடிவமைப்பு அளவு. முழுவேகத்தில் அது 88 வாட் வரை இழுக்கலாம். வரைகலை அட்டைக்கு 115 வாட். தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், விசிறிகள் ஆகியவற்றுக்குத் தாராளமாக 50 வாட் வைப்போம். கூட்டினால் 253 வாட். அட்டை இல்லாத கணினிக்கு 138 வாட் மட்டுமே.

253க்கு 300 வாட் மின்வழங்கி போதாதா என்று மாணவர் வினவலாம். நல்ல வினா. வரைகலை அட்டைகள் சராசரி அளவில் 115 வாட் இழுப்பினும், நொடியின் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைந்த நேரத்திற்கு அதைவிடப் பன்மடங்கு பாயக்கூடும். 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 வரையறை இதனைக் கருத்திற்கொண்டு, மின்வழங்கி தன் குறியளவைப் போல் இரு மடங்கை 100 மைக்ரோநொடி வரை தாங்க வேண்டும் என விதித்தது. மேலும் மின்வழங்கிகள் பொதுவாகப் பாதிச் சுமையில் மிகுந்த பயனுறுதிறனோடு இயங்குபவை. இவ்வட்டைக்கு அதன் உற்பத்தியாளர் பரிந்துரைப்பது 550 வாட். எங்கள் 253 வாட் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 550ஐயே தேர்ந்தோம், ஆயிரம் வாட் வாங்குவதற்குக் காரணம் ஏதும் இல்லை.

6. அடையாளத்தாளைப் படித்தல்

மின்வழங்கியின் பக்கவாட்டில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். அதனைப் படிப்பது கருத்தறிதல் பயிற்சியைப் போன்றது. பெரிய எழுத்தில் உள்ள எண்ணைவிடச் சிறிய எழுத்தில் உள்ள 12 வோல்ட் வரிசையே முதன்மையானது. ஏனெனில் செயலியும் வரைகலை அட்டையும் தமக்கு வேண்டியதைப் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்தே பெறுகின்றன. 12 வோல்ட் வரிசையில் 45 ஆம்பியர் என்றிருந்தால், பெருக்கினால் 540 வாட். 550 வாட் என்னும் பெயருக்கு அது பொருந்தும். உறையின் மேல் 500 என்று அச்சிட்டுவிட்டு 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் மட்டுமே குறித்திருந்தால், உண்மையில் பயன்படுவது 300 வாட். எஞ்சியவை 5, 3.3 வோல்ட் வரிசைகளில் கூட்டிக் காட்டப்பட்டவை; இன்றைய கணினிக்கு அவ்வளவு அங்கே தேவையில்லை.

அடுத்தது 80 பிளஸ் எனப்படும் சான்று. 2004இல் தொடங்கிய இத்திட்டம், சுவரிலிருந்து எடுக்கும் மின்திறனில் எத்தனை விழுக்காட்டைக் கணினிக்குத் தருகிறது என்பதைச் சோதிக்கிறது. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது வெண்கலத் தரத்திற்கு 85 விழுக்காடும், தங்கத் தரத்திற்கு 90 விழுக்காடும் வேண்டும். உறுப்புகள் 253 வாட் கேட்டால், 85 விழுக்காட்டில் சுவரிலிருந்து ஏறத்தாழ 298 வாட்டும், 90 விழுக்காட்டில் 281 வாட்டும் செல்லும். வேறுபாடு 17 வாட்; அது முழுவதும் வெப்பம். நம் தட்பவெப்பத்தில், குளிரூட்டி இல்லாத அறையில், அவ்வெப்பம் விசிறியின் ஓசையாகவும் மின்தேக்கிகளின் ஆயுட்குறைவாகவும் வெளிப்படும். ஆனால் இச்சான்று பயனுறுதிறனை மட்டுமே கூறுகிறது. மிகையழுத்தம், மிகையோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றிலிருந்து காக்கும் ஏற்பாடுகள் உள்ளனவா என்பதை விவரத்தாளில் தனியே பார்த்தல் வேண்டும். உத்தரவாதக் காலத்தையும் கேளுங்கள்.

7. ஒரு வடத்தின் கதை

1980களில் ஜொகூர்த் தோட்டப்புறங்களில் முதியோர் பலரின் பேச்சை ஒலிநாடாக்களில் பதிந்தேன். பால்மரம் சீவிய பெண்கள், கங்காணிக் காலத்தைக் கண்டவர்கள், தமிழகத்துச் சிற்றூர்ச் சொற்களும் மலாய்ச் சொற்களும் கலந்து பேசியவர்கள். நாடாக்களில் பூஞ்சை படரத் தொடங்கியபோது அவற்றை எண்ணிமக் கோப்புகளாக மாற்றினேன். நாற்பத்தொரு மணி நேரம். புதிய கணினிக்காக அவை அனைத்தையும் பழைய வன்தட்டிலிருந்து இரண்டரை அங்குலத் திண்மநிலைச் சேமிப்பகம் ஒன்றுக்கு மாற்றிவிட்டு, வன்தட்டை அழித்து வேறு பணிக்குக் கொடுத்தேன். அது முதற்பிழை.

புதிய மின்வழங்கி, வடங்களைத் தனித்தனியே கழற்றி மாட்டும் வகையைச் சேர்ந்தது. சேமிப்பகத்துக்கு எட்டும் நீளத்தில் வடம் இல்லை. பழைய கணினியின் மின்வழங்கியும் அவ்வகையே, வேறு நிறுவனத்தினது. அதன் வடத்தை எடுத்துப் பார்த்தேன். இரு முனைகளும் ஒத்திருந்தன. புதிய மின்வழங்கியில் எளிதாகச் செருகியது. ‘கிளிக்’ என்னும் ஒலியும் கேட்டது. பெயரன் அப்போது அறையில் இல்லை. விசையை அழுத்தியவன் நானே.

கணினி இயங்கியது. திரை ஒளிர்ந்தது. சேமிப்பகம் மட்டும் தோன்றவில்லை. சற்று நேரத்தில் மெல்லிய தீய்ந்த நாற்றம் வந்தது.

நிகழ்ந்தது இதுதான். வடத்தின் சேமிப்பகப் பக்க முனை எங்கும் ஒரே வரையறையின்படி அமைவது. மின்வழங்கிப் பக்க முனைக்கு அத்தகைய பொது வரையறை இல்லை. எந்தத் துளையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட், எது நிலத்தொடுப்பு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரு வரிசைப் பொருள்களுக்கு இடையேகூட அது மாறலாம். 5 வோல்ட்டில் இயங்கும் சேமிப்பகத்துக்கு அன்று 12 வோல்ட் சென்றது. அதன் கட்டுப்பாட்டுச் சில்லும் நினைவுச் சில்லுகளும் கருகின. பழுதுபார்ப்போர் கைவிரித்தனர். பதினேழு மணி நேரப் பதிவுகளுக்கு முன்னாள் மாணவர் ஒருவரிடம் படி இருந்தது. இருபத்துநான்கு மணி நேரம் போயிற்று. அவற்றில் பேசிய பலர் இன்று உயிருடன் இல்லை.

நினைவகத்தின் பள்ளத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அங்கே வடிவம் தவறைத் தடுத்தது. இங்கே வடிவம் தவறுக்கு இடம் கொடுத்தது. ‘ஆறு’ என்னும் சொல் எண்ணையும் நதியையும் குறிப்பது போல, ஒரே வடிவம் இரு வேறு பொருளைச் சுமந்து நின்றது. சொல்லின் பொருளைச் சூழல் காட்டிக்கொடுக்கும். வடத்திற்கு அத்தகைய சூழல் இல்லை. ஒத்த வடிவத்தைக் கொண்டு ஒத்த பொருளை முடிவு செய்தல் ஆகாது என்று நாற்பதாண்டு கற்பித்தவன், தன் மேசையில் அதையே செய்தான்.

கையேட்டில் எச்சரிக்கை இருந்தது. ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், பிற நிறுவன வடங்களைப் பயன்படுத்தற்க என்று. நான் அதனைப் படித்தேன். சொற்கள் யாவும் விளங்கின. ஆனால் ஏன் கூடாது என்பது அதில் இல்லை. காரணம் தெரியாத விதியை, வணிகர் தம் பொருளையே வாங்கச் செய்யும் தந்திரம் என்று எண்ணிக் கடந்துவிட்டேன்.

8. வகுப்பறைக்குச் சில சொற்கள்

ஆசிரியர்களே, கலைச்சொல்லாக்கத்தில் நாம் நெடுங்காலம் உழைத்திருக்கிறோம். மின்வழங்கி, தாய்ப்பலகை, பொருத்துவாய், மின்தேக்கி ஆகியவை நல்ல சொற்கள். ‘வழங்கி’ என்பதைச் சிலர் இணையச் சேவைக் கணினிக்கும் ஆள்வதால், ‘மின்’ என்னும் முன்னொட்டை விடாமல் சொல்லுதல் நன்று. ஆனால் சொற்பட்டியலை மனனம் செய்வித்தால் போதாது. ‘ஏன்’ என்னும் வினாவுக்கு அச்சொற்களால் விடை கூறச் செய்தல் வேண்டும். ஏன் 12 வோல்ட் வரிசையை முதலில் பார்க்கிறோம், ஏன் வேற்று வடத்தைச் செருகக்கூடாது என்று ஒரு மாணவர் தமிழில் ஐந்து தொடர்களில் விளக்கினால், அவர் சொல்லையும் அறிந்தவர், பொருளையும் அறிந்தவர்.

பழைய மின்வழங்கியின் அடையாளத்தாளை ஒளிப்படம் எடுத்து வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். அழுத்தம், ஓட்டம், திறன் ஆகிய மூன்றையும் அதில் சுட்டச் சொல்லுங்கள். பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உறுப்புகளின் பட்டியல் ஒன்றைத் தந்து, தகுதியற்ற சேர்க்கை எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தொடர்ப்பிழை காணும் பயிற்சியில் உள்ள அதே விழிப்பை அதிலும் காண்பீர்கள்.

மாணவர்களே, உங்களுக்கு மூன்று அறிவுரைகள். மின்வழங்கியோடு வந்த வடங்களை அதனோடு மட்டுமே பயன்படுத்துங்கள்; மாற்றும்போது வடங்களையும் சேர்த்து மாற்றுங்கள். பெட்டிக்குள் கை வைக்கும் முன் சுவர் இணைப்பைத் துண்டியுங்கள். பின்னர்ப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை நீக்குங்கள். எந்தப் பணியைத் தொடங்கும் முன்னும், இழக்க முடியாதவற்றுக்கு இரு படிகளேனும் வேறிடத்தில் வையுங்கள்.

எஞ்சிய பதினேழு மணி நேரப் பதிவுகள் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. பெயரனும் நானும் வாரந்தோறும் ஞாயிறு மாலையில் அவற்றைக் கேட்டு எழுத்துப்படுத்தி வருகிறோம். அவற்றில் ஒரு மூதாட்டி, வெள்ளம் வந்த ஆண்டில் தாளையும் பத்திரத்தையும் தகரப் பெட்டியில் வைத்து உத்தரத்தில் கட்டியதாகக் கூறுகிறார். அதைக் கேட்டபோது பெயரன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.